துகியா அக்காவின் அடைக்கூடைகள்

துகியா அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு தேக்கு மரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஈர்க்குத் துடைப்பம். தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தோளில் தொங்கியது. கிளைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த கோழிகள் அவரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"இறங்குங்கடி. மூங்கில் வெட்டி, ஓடு போட்டு, வீடு கட்டிக் குடுத்திருக்கேன். உங்களுக்கு மரம் கேக்குதா? மரநாய் வந்து கழுத்தைக் கடிச்சா எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

குனுங்கிடுல் மலைகளில் மழை நின்று மாதக்கணக்காகியிருந்தது. தேக்கு மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றன. அதனால் கோழிகள் ஒளிய இடமில்லாமல் அப்பட்டமாகத் தெரிந்தன. நான் வண்டியை நிறுத்தியது புலெரெஜோ ஊர்த்தலைவரின் வீட்டுக்கு வழி கேட்கத்தான். வட்டாரக் கால்நடை அலுவலகத்தில் சேர்ந்த புதிது. சட்டைப்பையின் மேல் அலுவலக முத்திரை இன்னும் மங்கவில்லை. அவர் வழி சொல்லவில்லை. முத்திரையைப் பார்த்தார்.

"ஆபீஸ் தம்பியா? மரம் ஏறத் தெரியுமா?"

தெரியும். நானும் இந்த மலைக்காரன்தான். இரண்டு குன்று தள்ளி எங்கள் ஊர். அப்பா மரவள்ளி போடுகிறவர், தன் பெயரை எழுதவே நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். யோக்யகர்த்தாவில் கால்நடை அறிவியல் படித்துப் பட்டம் வாங்கி, அங்கியும் தொப்பியுமாக எடுத்த படம் எங்கள் முன்னறையில் சுவர்க்கடிகாரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு புலெரெஜோவில் நான் செய்த முதல் வேலை, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மரம் ஏறியது.

இரண்டு கோழிகளைப் பிடித்துக் கீழே கொடுத்தேன். துகியா அக்கா அவற்றைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே ஒரே கூச்சல். ஒரு கோழி மூங்கில் கம்பில் கால் வைத்ததும் சூடு பட்டதுபோல் குதித்தது. மறுபடி வைத்தது, மறுபடி குதித்தது. நான் மரத்திலிருந்து இறங்கும்போதே முன்கையில் ஏதோ ஊர்ந்தது. தட்டினேன். அக்குளில் ஊர்ந்தது.

"கூண்டுக்குள்ள என்ன இருக்குக்கா?"

"கோழி இருக்கு. வேற என்ன இருக்கும்?"

"கோழிதான் வெளியில இருக்கே."

அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கிற திசையைப் பார்த்தார். "தலைவர் வீடு அந்தச் சுண்ணாம்புச் சூளையைத் தாண்டி, தம்பி. இருட்டறதுக்குள்ள போயிடுங்க." பேச்சு முடிந்தது என்று புரிந்தது. வழிநெடுக நான் வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் சொறிந்துகொண்டே போனேன்.

புலெரெஜோவில் துகியா அக்கா யார் என்பதை ஊர்த்தலைவரின் மனைவி அன்றே சொல்லிவிட்டார். கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். கணவர் மர்ஜோனோ சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்கிறார். நிலம் கிடையாது, பிள்ளைகள் கிடையாது, ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள நாத்தனார்கூடக் கிடையாது. ஆனால் அவர் பெயர் தெரியாத வீடும் கிடையாது, கைராசி அப்படி. அவர் அடை வைத்த முட்டை கூமுட்டையாகப் போனதை யாரும் பார்த்ததில்லையாம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டுக் கோழி அடைக்கு உட்காராவிட்டால், துகியா அக்கா வீட்டு அடைக்கோழியைக் கேட்டு வாங்கி வருவார்கள். கோழியை மட்டும் தூக்கி வந்தால் அது புது இடத்தில் உட்காராது. ஆகவே கூடையோடு வரும். பொழுது சாய்ந்ததும் கோழி, அதன் அடியில் வைக்கோல், வைக்கோலில் பழக்கத்துக்காக ஒன்றிரண்டு முட்டை, எல்லாவற்றையும் கூடையோடு ஒரு கைலியால் மூடி, அசையாமல் நடந்து கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே போனபிறகு அடியில் கைவிட்டு அவர்கள் முட்டையை மாற்றி வைத்துவிடுவார்கள். குஞ்சு பொரித்ததும் கோழியும் கூடையும் திரும்பி வரும், கூடவே பொரித்த குஞ்சுகளில் பாதியும் வரும்.

கூடைதான் முக்கியம். ஒருமுறை எல்லா முட்டையும் பொரித்த கூடையை ராசிக்கூடை என்பார்கள். ராசிக்கூடையில் தண்ணீர் படக்கூடாது, வெயில் படக்கூடாது. வைக்கோலை மாற்றக்கூடாது. ஓடுகளை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மேலே ஒரு பிடி புது வைக்கோல் தூவுவார்கள். துகியா அக்காவின் பின்சுவர் முழுக்க அப்படிக் கூடைகள், ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் வருடக்கணக்கான வைக்கோல், அடியில் பொடியாகி, மெத்தைபோல் படிந்திருந்தது.

அடுத்த வாரங்களில் புலெரெஜோவிலிருந்துதான் எனக்கு அதிகமாக அழைப்பு வந்தது. கோழிகளின் கொண்டை வெளுக்கிறது. முட்டை நின்றுபோயிற்று. அடைக்கு உட்கார்ந்த கோழி கூடையிலேயே செத்துக் கிடக்கிறது, அடியில் முட்டை இன்னும் சூடாக இருக்கிறது.

முதலில் கூப்பிட்டவர் கஸ்மி. துகியா அக்காவுக்குப் பக்கத்து வீடு, வயதில் மூத்தவர், குரலிலும் மூத்தவர். மகளுக்கு ஏழாம் மாதச் சடங்குக்கென்று கோழிகளை ஒதுக்கி வளர்த்துக்கொண்டிருந்தார். நான் போனபோது அவற்றில் ஒன்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க தம்பி. உயிரோடதான் இருக்கு. ஆனா கொண்டையைப் பாருங்க, அரிசி மாவு பூசின மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி இதையா முழுசா சமைச்சு வைப்பேன்? அதுக்கு வெறும் சோறு போட்டுடலாம்."

கூண்டின் மூங்கில் கம்பைக் கழற்றி, கணுவைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல் இருந்தது. தூள் நகர்ந்தது. சிவப்புச் செள்ளு. பகலெல்லாம் இடுக்கில் கிடக்கும், இருட்டியதும் வந்து கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். அதனால்தான் பகலில் கோழியைத் தூக்கி எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அடைக்கோழிக்கு ஓட வழியில்லை. முட்டையை விட்டு எழுந்திருக்க அதற்கு மனம் வராது. உட்கார்ந்தபடியே வற்றிப்போகும்.

கஸ்மி பிளந்த மூங்கிலைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிக் கழுத்தைச் சொறிந்தார். "எனக்குத் தெரியும் இது எங்கேருந்து வந்துச்சுன்னு."

"எங்கேருந்து?"

"எல்லாம் அந்த வெள்ளைக் கோழிங்கதான்."

வெள்ளைக் கோழிகள் பர்த்தினாவுடையவை. மலேசியாவில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பெண், முப்பது வயதிருக்கும். ஊர்க்கோழி வேண்டாம் என்று டவுனிலிருந்து வெள்ளைக் கோழிகளைக் கூண்டு வண்டியில் இறக்கியிருந்தாள். அவளைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே சொல்ல நிறைய இருந்தது: டைல்ஸ் போட்ட வாசற்படி, தனியாக இருப்பது, யார் வீட்டு விசேஷத்துக்கும் பாத்திரம் கழுவ வராதது. இப்போது செள்ளும் சேர்ந்துகொண்டது. அவள் கடைக்கு வந்தால் மற்றப் பெண்கள் கையைச் சொறிவதுபோல் நடித்தார்கள். தண்ணீர் லாரி வந்தபோது அவள் குடத்தை யாரோ வரிசையின் கடைசிக்கு நகர்த்தி வைத்ததை நானே பார்த்தேன்.

பர்த்தினா வீட்டிலும் செள்ளு இருந்தது. ஆனால் வெள்ளைக் கோழிகள் தூங்கும் கூண்டில் கொஞ்சம்தான். விறகுக்கொட்டகையின் மூலையில் ஒரு ஊர்க்கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அங்கேதான் மொய்த்தது.

"இது உங்க கோழியா?"

"என் கோழிங்களுக்கு அடை உக்காரவே தெரியாது, அண்ணே. அதுங்க டவுன்காரிங்க. இது துகியா அக்காவோடது. கூடையோட வந்துச்சு."

அதன்பிறகு நான் போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டேன். செள்ளு இருந்த வீட்டுக்கெல்லாம் இந்த வருடம் கூடை போயிருந்தது. தெற்குப் பக்கம் ஒரு வீடு. மாமியாருக்கும் துகியா அக்காவுக்கும் பழைய மனத்தாங்கல், ஆகவே கூடை வாங்குவதில்லை. அந்த வீட்டுக் கோழிகள் கொண்டை செக்கச்செவேலென்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மாலை துகியா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. காயாத துணியைக் கொடியிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிப்பதற்குள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோழிகள் அன்றும் மரத்தில்தான் இருந்தன. இப்போது அவர் அவற்றைத் திட்டவில்லை.

"அக்கா, ஒரு சோதனை பண்ணலாமா? சும்மா பாக்கத்தான்."

என் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சுவரில் அடைக்கோழி உட்கார்ந்திருந்த கூடை ஒன்றின் விளிம்பில், வைக்கோலுக்குள் பாதி செருகி வைத்தேன். செள்ளு இருந்தால் விடிகாலையில் அந்த மடிப்புக்குள் ஒளிய வரும். விரித்து நசுக்கினால் ரத்தக்கோடு விழும். அதைச் சொன்னேன். அவர் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கூடையிலயும் இதை வெப்பீங்களா?"

"ஒண்ணு போதும்."

காலையில் நான் போனபோது கைக்குட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல தம்பி. கோழி எச்சம் பட்டுடுச்சு. அதான் அலசிப் போட்டேன்."

தண்ணீர் லாரி வந்து நாளாகியிருந்த ஊர் அது. பாத்திரத்தைச் சாம்பலால் துடைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியைக் கையில் வாங்கினேன். மடித்த இடங்களில் சோப்புக்கும் போகாத பழுப்புக் கீற்றுகள் இருந்தன. அவர் கீற்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பெருக்கிய வாசலைப் பெருக்கப் போய்விட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டம் இருந்தது. மாதாமாதம் ஒரு வீட்டில் நடக்கும். இம்முறை கஸ்மி வீட்டில். செள்ளைப் பற்றிப் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று காலை கிளம்பும் முன் வாசலில் நின்று அதைத்தான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை நான் பேசணும்க்கா. எப்படிப் பரவுதுன்னு சொல்லித்தான் ஆகணும்."

"பேரைச் சொல்லுவீங்களா?"

"கூடையைச் சொல்லாம எப்படிச் சொல்றது? ஊர்ல கூடைன்னா ஒரே வீடுதானே."

அவர் துடைப்பத்தை நிறுத்தவில்லை. "சரி தம்பி," என்றார்.

அந்த நாட்களில் புலெரெஜோவில் எந்தத் தெருவில் திரும்பினாலும் துகியா அக்கா எதிரே வந்தார். ஏதாவது சாக்கு இருக்கும். உப்பு வேண்டும், இரவல் கொடுத்த முறம் வேண்டும், சும்மா வந்தேன். பேச்சுக்கு நடுவே கண் மட்டும் கொட்டகைப் பக்கம் போகும். குஞ்சு பொரித்துவிட்ட வீடுகளிலிருந்து கூடையை அப்போதே வாங்கிக் கைலியில் சுற்றிக்கொண்டு நடந்துவிடுவார். ஆனால் பாதி வீடுகளில் கோழி இன்னும் முட்டைமேல் இருந்தது. அதை எப்படிக் கேட்பது?

கஸ்மி கேட்டேவிட்டார். நான் அங்கே கூண்டுக் கம்புகளில் கொதிநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன துகியா, பேரன் பொறந்திருக்கானான்னு பாக்க வர்ற மாதிரி தெனமும் வந்து கூடையை எட்டிப் பாக்கறே? முட்டை எங்கேயும் ஓடிடாது."

"இல்லக்கா, சும்மா."

"சும்மா இருக்கறவ வீட்டுல இரு. உன்னைப் பாத்தாலே எனக்கு அரிக்குது." சொல்லிவிட்டுக் கஸ்மி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். முந்தின வாரம் கஸ்மியின் கோழிகள் செத்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்து இறகு பொறுக்கிப் புதைத்துக் கொடுத்தவர் துகியா அக்காதான். அந்த உரிமையில்தான் இந்தக் கேலி. துகியா அக்கா சிரித்தார். வாசலைத் தாண்டியதும் நடையை எட்டிப் போட்டார்.

கம்பு, சுவர் எல்லாவற்றிலும் பூசக் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்க நான் சூளைக்குப் போனேன். மர்ஜோனோ அண்ணன் முகமெல்லாம் வெள்ளையாக, இமை மட்டும் கறுப்பாக நின்றார். நான் கேட்காமலே சொன்னார்.

"ராத்திரியெல்லாம் பொரளறா. எழுந்திரிச்சு உக்கார்றா. மறுபடி படுக்கறா. செள்ளு புடிச்சது கோழிக்கா இவளுக்கான்னு எனக்குச் சந்தேகம்."

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன வருஷமே சொன்னேன், வைக்கோலை மாத்துடின்னு. ராசி போயிடும்னா. சரி, ராசி எனக்கென்னத்துக்குன்னு விட்டுட்டேன்." கூடையில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டார். "அவளுக்கு இந்த ஊர்ல வேற என்ன இருக்கு தம்பி? எனக்காவது தாத்தன் சமாதி இருக்கு. அவளை யாரும் பேரைச் சொல்லிக் கூப்புடாத காலம் ஒண்ணு இருந்துச்சு. 'மர்ஜோனோ பொண்டாட்டி'தான். குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சப்புறம்தான் பேர் வந்துச்சு."

சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கஸ்மி வீட்டு முன்னறையில் பாய் விரித்திருந்தது. பனைவெல்லம் போட்ட டீ, பொரித்த மரவள்ளி. எல்லோரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். செள்ளு வந்ததிலிருந்து ஊரில் யாரும் யாரையும் உரசி உட்காருவதில்லை. பர்த்தினா கதவோரம். துகியா அக்கா நடுவில், கைகளைப் பாவாடை மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டு.

நான் வாயைத் திறக்கும் முன் கஸ்மி ஆரம்பித்தார்.

"தம்பி பேசட்டும், மருந்து சொல்லட்டும். அதுக்கு முன்னாடி நமக்குள்ள ஒண்ணு முடிவாகணும். வெளியிலேருந்து கொண்டுவந்ததை வெளியில கொண்டுபோய் விட்டாத்தான் நாம அடிக்கற மருந்துக்கும் அர்த்தம் இருக்கு. நான் பேர் சொல்லல."

"சொல்லிடுங்க," என்றாள் பர்த்தினா. "பேர் சொல்லாமலே பத்து நாளா என் குடத்தை நகத்தி வெக்கிறீங்க. சொல்லிட்டா நானே நகந்துக்குவேன்."

"கோபப்படாதே. ஊர் நல்லதுக்குத்தான். அந்த வெள்ளைங்களை வித்துடு, இல்ல வெட்டிடு. வெட்டினா நாங்களே வந்து உரிச்சுக் குடுக்கறோம்."

"சாப்புடவும் வருவீங்களா?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். கஸ்மி என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க தம்பி. படிச்சவங்க. டவுன் கோழியிலதானே இது வரும்?"

நான் எழுந்து நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் வாக்கியம் நாக்கில் இருந்தது. துகியா அக்கா கையை மடிப்பிலிருந்து எடுத்தார். மணிக்கட்டு சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது.

"வெள்ளைக் கோழி வர்றதுக்கு முந்தியே என் வீட்டுல இருந்துச்சு," என்றார்.

"எது?"

"செள்ளு. கூடையில."

"உளறாதே துகியா. உன் கூடையில எப்படி? உன் கூடையில போன முட்டை ஒண்ணுகூட..."

"தம்பி கைக்குட்டையை வெச்சுப் பாத்தாரு. காலையில அவர் வர்றதுக்குள்ள நான் எடுத்துப் பாத்தேன். முழுக்க ரத்தம். அலசிட்டேன். குடிக்க வெச்சிருந்த தண்ணியில அலசினேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு, யாரோ கேட்டதுபோல, "பர்த்தினாவுக்கு அது என்கிட்டேருந்துதான் போச்சு. உங்களுக்கும்தான்," என்றார்.

அறையில் எவரும் சொறியக்கூட இல்லை. கஸ்மியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"என் கோழிங்க செத்தப்ப வந்து பக்கத்துல உக்காந்தியே. அப்பத் தெரியுமா உனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா."

"சந்தேகத்தோடயா இறகு பொறுக்கினே?"

துகியா அக்கா எழுந்தார். "கூடையெல்லாம் நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். யாரும் தொட வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். இரண்டுமே இடக்கால் செருப்பு. கவனித்த பெண் ஒருத்தி கூப்பிடப் பார்த்தாள், கஸ்மி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். நான் மீதியைப் பேசினேன். கம்புகளைக் கொதிநீரில் நனைக்க வேண்டும், இடுக்குகளில் சுண்ணாம்பு பூச வேண்டும், கூண்டுக் கால்களைப் பழைய எண்ணெய் டப்பாவில் நிறுத்த வேண்டும், செள்ளின் முட்டையிலிருந்து புதிது புதிதாக வரும் என்பதால் இதையெல்லாம் ஒரு வாரம் விட்டு மறுபடி செய்ய வேண்டும். யார் காதில் விழுந்தது என்று தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. போகாமல் இருக்க முடியவில்லை. துகியா அக்கா பகல் வெளிச்சத்தில், கைலி போட்டு மூடாமல், கூடைகளைத் தெருவழியே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கோழிகள் உட்கார்ந்திருந்த வீடுகளில்தான் சிக்கல். கூடையை எடுத்தால் கோழி எழுந்துவிடும். எழுந்தால் முட்டை வீண். நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகளைக் கடையில் வாங்கி, அடியில் சுண்ணாம்பு தூவி, புது வைக்கோல் போட்டு, கோழியைத் துடைத்துச் சாம்பல் பூசி, முட்டையையும் கோழியையும் மாற்றினோம். சில கோழிகள் அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்து, வைக்கோலைக் கொத்தி, கடைசியில் ஏறி உட்கார்ந்தன. சில எழுந்து போய்விட்டன. வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் டீ வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பர்த்தினா வீட்டுக் கோழி எழுந்துபோன கோழிகளில் ஒன்று. ஆறிக்கொண்டிருந்த முட்டைகளை அவளே அள்ளிக் குப்பையில் போட்டாள்.

"நேத்து நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரும் எதிர்பாத்தாங்க அக்கா."

"வேண்டாம்மா."

"சொல்லல. ஏன்னா அது உங்களுக்கு அந்தக் காலையிலேயே தெரியும். என் குடம் அதுக்கப்புறமும் கடைசியிலதான் இருந்துச்சு."

துகியா அக்கா தலையாட்டினார். கூடையை எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "சரியாத்தானே சொல்றா," என்றார்.

சூளை அன்று எரிந்துகொண்டிருந்தது. மர்ஜோனோ அண்ணன் வாயில் துணி கட்டிக்கொண்டு, விறகு போடும் வாயைத் திறந்துவிட்டார். சுவரில் தொங்கியவை, வீடுகளிலிருந்து வந்தவை எல்லாம் குவியலாகக் கிடந்தன. துகியா அக்கா குவியலுக்குள் கைவிட்டுத் தேடி, விளிம்பு கறுத்த ஒரு பழைய கூடையை இழுத்தார். கல்யாணமாகி வரும்போது தாய்வீட்டிலிருந்து பாத்திரம் வைத்துக் கொண்டுவந்ததாம். முதன்முதலில் அடை வைத்தது அதில்தான்.

"அதைக் கடைசியா போடு," என்றார் மர்ஜோனோ.

"கடைசியா வெச்சா வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவேன்."

அதைத்தான் முதலில் எறிந்தார். வைக்கோல் பிடித்ததும் படபடவென்று பொரிந்தது. வைக்கோலில் ஈரமா, செள்ளா என்று தெரியவில்லை. மர்ஜோனோ, "சுண்ணாம்புக்கு விறகு மிச்சம்," என்றார். அவர் பெண்டாட்டி கேட்காததுபோல் அடுத்த கூடையை எடுத்தார். குவியல் தீரும்வரை அவர் கை சொறியப் போகவில்லை.

அந்த வருடம் புலெரெஜோவில் குஞ்சு குறைவு. ஆனால் மழை ஆரம்பிப்பதற்குள் கோழிகள் கூண்டில் அடைய ஆரம்பித்துவிட்டன. கஸ்மி மகளின் ஏழாம் மாதச் சடங்குக்குச் சந்தையிலிருந்து பண்ணைக் கோழி வாங்கினார்கள். அன்று மாலை நான் துகியா அக்கா வீட்டில் கூண்டுக் கம்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கஸ்மி நின்றார். கையில் வாழையிலையில் கட்டிய விருந்துச் சோறு. மற்ற எல்லா வீட்டுக்கும் ஆள் விட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

"பண்ணைக் கோழிதான்," என்றார். "தண்ணியா இருக்கும். உன் புண்ணியத்துல."

"கறியை நீங்க வெச்சீங்களா, சமையல்காரியா?"

"நான்தான். ஏன், உப்பு கம்மின்னு சொல்றதுக்கா?" தோளில் கிடந்த துணியை உதறிவிட்டுப் போனார். துகியா அக்கா பொட்டலத்தைப் பிரித்து, கறியை ருசி பார்த்து, "கம்மிதான்," என்றார்.

துகியா அக்கா இப்போதும் புலெரெஜோவில் அதே வீட்டில் இருக்கிறார். தன் வீட்டுக்குள் மட்டும் அடை வைக்கிறார்; வேண்டுமென்றால் முட்டையை அவரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் புது அட்டைப்பெட்டி, பொரித்ததும் சூளைக்குப் போகும். முன்புபோல் கூட்டம் வருவதில்லை. கஸ்மி கொடுக்கிறார். பர்த்தினா கொடுப்பதில்லை, டவுனில் குண்டுபல்பு எரியும் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.